கண் தடுமாறுவதால் வாசிப்புத் தடுமாறுகிறதா?

காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை வந்த பிறகு, எங்கள் குழந்தைகள் கண் நலப் புறநோயாளிப் பிரிவில் ஒரே விதமான குறையுடன் பல பெற்றோரைக் காண்கிறோம். குழந்தைக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். “டாக்டர், படிக்கும்போது இவன் கண் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. வரியை விட்டுவிடுகிறான். படித்த சொல்லையே மறுபடியும் படிக்கிறான். கண்ணில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது” என்று தாய் கூறுவார். சிலர் ‘தாரே ஜமீன் பர்’ திரைப்படத்தை நினைவூட்டி, எழுத்துகள் ஆடுவதாகக் குழந்தை சொல்வதையும் குறிப்பிடுவர். பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே ஒரு கண்ணாடியும், வேறெங்கோ எழுதித் தந்த கண் பயிற்சித் தாளும் இருக்கும்.

இப்பெற்றோர் கண்டது உண்மை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தையின் கண்கள் படிக்கும்போது மற்றக் குழந்தைகளின் கண்களைப் போல் நகர்வதில்லை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு, அதாவது கண் சரியாக நகராததால்தான் வாசிப்பு வரவில்லை என்பது, ஆராய்ச்சிகளால் உறுதிப்படவில்லை. காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. இந்த இடமாற்றத்தை விளக்கிச் சொல்ல வேண்டியது கண் மருத்துவரின் கடமை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கண் எவ்வாறு வாசிக்கிறது?

படிக்கும்போது நம் கண்கள் வரியின் மீது வழுக்கிக்கொண்டு செல்வதாகவே நாம் உணர்கிறோம். உண்மையில் அவை தாவித் தாவிச் செல்கின்றன. பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வகத்தில் 1870-களின் இறுதியில் இது கவனிக்கப்பட்டது. (வாசிக்கும் கண்ணை ஆராய்ந்த ழவால், பின்னாளில் கண்ணழுத்த நோயால் தம் பார்வையை இழந்தார். கண்ணழுத்தச் சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தும் நோயாளிகளிடம் நான் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.)

கண் ஒரு சொல்லின் மீது ஏறத்தாழக் கால் வினாடி நிற்கிறது. பின்னர் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. தாவல் ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். தாவும் அந்தக் கணத்தில் மூளை எதையும் படிப்பதில்லை. கண் நிற்கும்போதுதான் படிக்கிறது. ஆங்கில நூலைப் படிக்கும் தேர்ந்த வாசகரின் கண், ஒரு தாவலில் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கிறது. அவருடைய தாவல்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பின்னோக்கியவையே. ஆகவே படித்த இடத்துக்குத் திரும்பிப் பார்ப்பது நோயன்று. இந்தப் பத்தியைப் படித்த உங்கள் கண்களும் சில முறை பின்னால் போய் வந்திருக்கும்.

இதை வீட்டிலேயே காணலாம். ஒரு நாளிதழ்ப் பக்கத்தின் நடுவில் சிறு துளையிட்டு, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாளின் மறுபக்கத்தில் நீங்கள் அமர்ந்து துளை வழியே அவர் கண்களைப் பாருங்கள். கருவிழி நின்று நின்று தாவுவதும், வரி முடிந்ததும் நீண்ட தாவலாக அடுத்த வரிக்கு வருவதும் தெளிவாகத் தெரியும்.

கண் எப்போது தாவ வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள மூளை எடுத்துக்கொள்ளும் நேரமே. பழகிய சொல்லில் கண் சிறிது நேரமே நிற்கும். அரிய சொல்லில் நெடுநேரம் நிற்கும். மிக நீண்ட சொல்லில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும். கண் குதிரையைப் போன்றது. கடிவாளம் மூளையின் மொழிப் பகுதியின் கையில் இருக்கிறது.

டிஸ்லெக்சியாவில் நடப்பது என்ன?

டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் கண்கள் ஒரு வரியில் அதிக இடங்களில் நிற்கின்றன, ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் நிற்கின்றன, குறைந்த தொலைவே தாவுகின்றன, அடிக்கடி பின்னோக்கித் திரும்புகின்றன. இது பல நாடுகளில் கருவிகளால் அளந்து பதிவு செய்யப்பட்ட உண்மை. கேள்வி, இதன் பொருள் என்ன என்பதே.

1981-ஆம் ஆண்டில் பாவ்லிடிஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். எழுத்தே இல்லாமல், வரிசையாக எரியும் விளக்குகளைக் கண்ணால் தொடரச் சொன்னபோதும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளின் கண்கள் ஒழுங்கின்றி நகர்ந்தன என்றார். அது உண்மையானால் குறை கண்ணசைவிலேயே இருக்கிறது என்று ஆகும். ஐந்து வயதிலேயே விளக்குகளைக் காட்டி நோயைக் கண்டறியலாம். பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் அதே சோதனையை வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. விளக்குகளைத் தொடர்வதில் இருவகைக் குழந்தைகளும் ஒரே மாதிரிதான் இருந்தனர்.

அடுத்து வந்த கேள்வி இன்னும் கூர்மையானது. பத்து வயதில் ஏழு வயதுக் குழந்தையின் அளவே படிக்கத் தெரிந்த ஒருவனை, பத்து வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுவது முறையா? அவனை அதே அளவு படிக்கத் தெரிந்த ஏழு வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, கண்ணசைவுகள் பெரிதும் ஒத்திருந்தன. அவனுடைய தரத்துக்கு ஏற்ற எளிய பாடத்தைக் கொடுத்தபோது கண்கள் ஒழுங்காயின. மறுபுறம், நன்றாகப் படிக்கும் குழந்தைக்கு மிகக் கடினமான பாடத்தைக் கொடுத்தபோது, அக்குழந்தையின் கண்களும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் கண்களைப் போலவே தடுமாறின.

பழைய நிலப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘மேற்படி’யும் ‘ஷை’யும் நிறைந்த வரிகளில் உங்கள் கண் எத்தனை முறை திரும்புகிறது, எத்தனை முறை வரியைத் தவறவிடுகிறது என்று கவனியுங்கள். உங்கள் கண்ணில் நோயில்லை; பத்திரம் கடினமாக இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் பாடநூலே அந்தப் பத்திரம்.

மூளையின் காட்சிப் பகுதியில் அசைவை உணரும் இடம் டிஸ்லெக்சியாவில் மந்தமாக இயங்குகிறது என்றும், அதுவே அடிப்படைக் காரணம் என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழு 2013-இல் இதைச் சோதித்தது. ஒத்த வயதினரோடு ஒப்பிட்டபோது அந்தப் பகுதியின் இயக்கம் குறைவாகவே இருந்தது. ஒத்த வாசிப்புத் தரமுள்ள இளைய குழந்தைகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு இல்லை. பிறகு ஒலிகளையும் எழுத்துகளையும் இணைக்கும் வாசிப்புப் பயிற்சியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். வாசிப்பு மேம்பட்டது, அத்துடன் அந்தக் காட்சிப் பகுதியின் இயக்கமும் கூடியது. கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறை இருக்கும் இடம்

டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறை, பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதில் இருக்கிறது. இதற்கு மிக எளிய சான்று, கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடியது. ‘கதவு’ என்ற சொல்லில் ‘க’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘கல்’ என்ற சொல்லின் முதல் ஒலியை மாற்றிப் ‘ப’கரம் வைத்தால் என்ன சொல் வரும்? இத்தகைய கேள்விகளில் இக்குழந்தைகள் பலர் திணறுகின்றனர். இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. (இதை வீட்டில் கேட்டுவிட்டு நீங்களே நோயைத் தீர்மானித்துவிட வேண்டாம். முறையான மதிப்பீட்டில் இதைப் போன்ற பல சோதனைகள் உண்டு.)

தமிழில் குழந்தைகள் செய்யும் பிழைகளையும் நோக்கலாம். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும், ‘கரை’யைக் ‘கறை’ என்றும் எழுதுவது எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படும் பிழை. டிஸ்லெக்சியா உள்ள குழந்தையிடம் அது நீண்ட காலம் நிலைத்துவிடலாம். ‘ல’வும் ‘ள’வும் வடிவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை, ‘ர’வும் ‘ற’வும் அவ்வாறே. அவை ஒலியில்தான் நெருங்கியவை. கண் ஏமாந்து செய்யும் பிழையன்று இது. வடிவத்தால் வரும் சிக்கலும் தமிழில் இல்லாமலில்லை. ‘கொ’ என்று எழுதும்போது உயிரின் குறியான ஒற்றைக்கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் ஒலிக்கும்போது ‘க்’ முதலில் வருகிறது. கண் காணும் வரிசையும் செவி கேட்கும் வரிசையும் மாறுபடும் இத்தகைய இடங்களைச் சிறப்பு ஆசிரியர் தனியாக எடுத்துப் பொறுமையாகக் கற்பிக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் வெல்லுட்டினோ 1970-களில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹீப்ரு மொழி அறியாத குழந்தைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். நன்றாகப் படிப்பவர்களும் படிக்கத் திணறுபவர்களும் ஒரே அளவில் செய்தனர். எழுத்தின் வடிவத்தைக் காண்பதிலும் நினைவில் வைப்பதிலும் திணறும் குழந்தைகளுக்குக் குறை இல்லை; அந்த வடிவத்துக்கு ஒலியையும் பெயரையும் கொடுக்க வேண்டிவரும்போதுதான் தடை.

இந்தக் குழப்பத்துக்குக் கண் மருத்துவத் துறையும் பொறுப்பேற்க வேண்டும். ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை 1887-இல் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். கிளாஸ்கோ நகரக் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இதற்குச் ‘சொற்குருடு’ என்ற பொருளுள்ள பெயரைப் பயன்படுத்தினார். குறை மூளையில் இருப்பதாகவே அவர்கள் இருவரும் கருதினர். ஆயினும் பெயரில் ‘குருடு’ ஒட்டிக்கொண்டதால் மக்கள் கண்ணையே நோக்கினர்.

கண் பயிற்சி எதற்கு உதவும், எதற்கு உதவாது?

என்னுடைய தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதுநிலைப் படிப்பை முடித்த தொடக்க ஆண்டுகளில், இரு கண்களையும் அண்மைப் பொருளின் மீது குவிக்கும் ஆற்றல் குறைந்திருந்த ஒரு சிறுமிக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தேன். அது சரியான மருத்துவம். ஆனால் அவள் தந்தை, “படிப்பும் சரியாகிவிடுமா டாக்டர்?” என்று கேட்டபோது, “ஆகிவிடும்” என்றேன். எட்டு மாதங்கள் அவர்கள் விடாமல் பயிற்சி செய்தனர். தலைவலி போயிற்று, எழுத்து இரண்டாகத் தெரிவது நின்றது. வாசிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த எட்டு மாதங்களும் சிறப்பு ஆசிரியரிடம் கழிந்திருக்க வேண்டிய மாதங்கள். நான் சொன்ன ஒரு சொல்லால் அவை வீணாயின.

அன்று என்னிடம் இல்லாத சான்று இன்று இருக்கிறது. கண் குவியும் ஆற்றல் குறைந்த 221 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் முறையான பயிற்சி பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் குணமடைந்தனர் அல்லது தேறினர். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் அது 43 விழுக்காடு. பெயருக்கு மட்டும் பயிற்சி பெற்றவர்களில் 35 விழுக்காடு. ஆகவே இந்தக் கண் குறைக்கு முறையான பயிற்சி பயனுள்ளது. அதே ஆய்வாளர்கள் அடுத்து, இப்பயிற்சி வாசிப்பை மேம்படுத்துகிறதா என்று 310 குழந்தைகளிடம் பதினாறு வாரம் சோதித்தனர். 2019-இல் முடிவு வந்தது. படித்துப் புரிந்துகொள்ளும் திறனில், உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 5,800-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கண்களைப் பரிசோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாசிப்பில் கடுமையான குறையுள்ள குழந்தைகளில் ஐவரில் நால்வருக்குப் பெரும்பாலான கண் சோதனைகள் முற்றிலும் இயல்பாகவே இருந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சியையோ வண்ணக் கண்ணாடியையோ பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறுகிறது. என் கருத்தும் அதுவே. வண்ணக் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதற்குச் செலவாகும் பணமும், அதைவிட முக்கியமாக, குழந்தையின் ஏழாவது எட்டாவது வயதும் திரும்பக் கிடைப்பதில்லை.

எனவே கண் பரிசோதனையே வேண்டாம் என்று பொருளன்று. படிக்கத் திணறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முறை முழுமையான கண் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மாறுகண்ணோ தனியாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் விடுவது சுமையின் மேல் சுமை. படிக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தலைவலி, எழுத்து மங்குதல், இரண்டாகத் தெரிதல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தல் ஆகியவை கண் குறையின் அறிகுறிகள். குழந்தை படம் பார்க்கும்போதும், கைப்பேசியில் விளையாடும்போதும் சோர்வடையாமல், எழுத்தைக் கண்டால் மட்டும் திணறினால் ஐயம் வாசிப்பின் பக்கம் திரும்ப வேண்டும். நீங்கள் படித்துக் காட்டும் கதையை அவன் நன்றாகப் புரிந்துகொண்டு, தானே படிக்கும்போது மட்டும் தடுமாறினால் அந்த ஐயம் வலுக்கிறது. குடும்பத்தில் வேறு எவருக்கேனும் சிறுவயதில் இதே சிரமம் இருந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள்; பல நேரங்களில் தந்தையோ சித்தப்பாவோ மாமாவோ தம் பள்ளி நாட்களை அப்போதுதான் முதன்முறையாகப் பேசத் தொடங்குவார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இதுவரை நன்றாகப் படித்து வந்த குழந்தை திடீரென்று படிக்க முடியாமல் போனாலோ, கண்கள் தாமாகவே ஆடத் தொடங்கினாலோ, அது டிஸ்லெக்சியா அன்று. அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கண் பரிசோதனைக்குப் பிறகு

கண்ணும் செவியும் நன்று என்று தெரிந்தபின், உளவியலாளரும் சிறப்பு ஆசிரியரும் குழந்தையை மதிப்பிடுவர். வீட்டில் பேசும் மொழியிலும் பள்ளியில் படிக்கும் மொழியிலும் மதிப்பிடுவதே நல்லது. தமிழ் பேசும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிவு சொல்வது பொருந்தாது. பிறகு ஒலி, எழுத்து, அசை, சொல் என்று படிப்படியாக, வாரத்தில் பல நாட்கள், மாதக்கணக்கில் கற்பிக்க வேண்டும். விரைவான வழி எதையும் நான் அறியேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கிய பின் ஓடுவதைவிட முன்பே தொடங்குவது நலம்.

வரியின் கீழே விரலையோ அளவுகோலையோ வைத்துப் படிப்பதைத் தடுக்காதீர்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அச்சிட்டபோது டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் எளிதாகப் படித்தனர் என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. குறையை அது தீர்க்காது; ஆனால் செலவில்லாத உதவி. வீட்டுக் கணினியில் பாடத்தைத் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு அச்செடுத்துத் தரலாம். பிரைலைப் போலத் தனி எழுத்துமுறை எதுவும் இக்குழந்தைகளுக்குத் தேவையில்லை.

எங்கள் பிரிவுக்கு வரும்போது பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இரண்டையும், முன்பு எழுதித் தந்த கண்ணாடிச் சீட்டையும் கொண்டு வாருங்கள். மருத்துவர் மதிப்பெண் அட்டையைவிட நோட்டிலுள்ள பிழைகளிலிருந்து அதிகம் தெரிந்துகொள்வார். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவோம். அதன் பின் அண்மையிலுள்ள எழுத்து பல மணி நேரம் மங்கலாகவே தெரியும், சில மருந்துகளில் மறுநாள் வரை கூட. அன்று மாலை குழந்தையைப் படிக்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள்.